உடம்படுமெய்

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்பது இருவரைக் குறிக்கும். மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், நாற்பத்தைந்தைக் கடந்தவர். இளையவள் அவருடைய மகள், எட்டாம் வகுப்பு மாணவி. கீழே சொல்லப்படும் வேலையில் நேர்ந்த பிழைகளை இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதாக ஓர் உடன்படிக்கை உண்டு. ஆகவே ஒருமையில் எழுத வழியில்லை.

விடுமுறை நாள்களில் தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்தேறி, முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நுழைந்து வெளிவருவது எங்கள் வழக்கம். வாங்குவது அரிது, பார்ப்பதே மிகுதி. உடைந்த வளவுகளின் தூண்களும், எனாமல் பாத்திரங்களும், ரவிவர்மா அச்சுப்படங்களும், யாரோ ஒரு ஆச்சி சீர்வரிசையாகக் கொண்டுவந்திருக்கக்கூடிய பித்தளைச் சாமான்களும் அங்கே விலைக்குக் காத்திருக்கின்றன. சென்ற 2025 ஆம் ஆண்டின் காலாண்டுத் தேர்வு விடுமுறையில், அப்படிப்பட்ட கடையொன்றின் உள்ளறையில், ஜாடிகளுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. ஒட்டுநாடா காய்ந்து உதிர்ந்திருந்தது. மேலட்டையில் வெள்ளி நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு போர் விமானம். 'பொம்மை' என்று சொல்லிக் கடைக்காரர் அறுநூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசக் கூச்சமாக இருந்தது. காரணம், அந்த விமானத்தின் பெயரை நாங்கள் இருவருமே வாய்விட்டுப் படித்துவிட்டோம். எங்கள் முகத்தைப் பார்த்த எந்த வணிகரும் விலையைக் குறைத்திருக்க மாட்டார்.

அது 'நாட்'. ஆங்கிலத்தில் கொசுவினத்துச் சிறு பூச்சிக்கு வழங்கும் பெயர். (தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை உண்டு. ஆறாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் விமானம் மறைந்து தேசம் வந்துவிடுகிறது: 'நாட்டின் இறக்கை'. எனவே இனி வரும் இடங்களில் இயன்றவரை உருபைத் தவிர்க்கிறோம்.)

ஏன் அந்தப் பெயர் எங்களை நிறுத்தியது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். மூத்தவருக்குத் தந்தை, இளையவளுக்கு 'ஐயா'. இளையவள் அழைக்கும் பெயரையே இங்கும் வைத்துக்கொள்கிறோம். எண்பதை நெருங்குகிறார். 1965 இல் விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி பெற்று, விமானத்தின் உடற்பகுதியைப் பேணும் பிட்டராக இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். அதில் பெரும்பகுதி 'நாட்' விமானங்களோடு. ஐந்தாண்டுகளாக நடுக்குவாதம். தேநீர்க் குவளையைப் பாதிக்குமேல் நிரப்பிக் கொடுப்பதில்லை.

செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுக்கும் விழா தொலைக்காட்சியில் வந்தது. 1963 இல் படைக்கு வந்த விமானம் அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஓய்வுபெறுகிறது. ஐயா முழுவதையும் பார்த்தார். முடிந்ததும், "நம்ம நாட்டுக்கு யாரும் இப்பிடி விழா எடுக்கல" என்றார். இளையவள் தேசத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "குடியரசு தினம் இருக்குல்ல ஐயா" என்றாள். அவர் சிரித்தார். சிரிப்பும் இப்போது சற்றுத் தாமதமாகவே அவர் முகத்துக்கு வந்து சேர்கிறது. அடுத்த வாரமே அந்தப் பெட்டி எங்கள் கண்ணில் பட்டது.

'நாட்' பற்றிச் சில செய்திகள். வடிவமைத்தவர் பெட்டர் என்னும் ஆங்கிலேயர். லைசாண்டர், கான்பெரா ஆகியவற்றையும் அவரே வரைந்தார். போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு பருத்தும் விலையேறியும் போவதைக் கண்டு, சிறியதாகவும் மலிவாகவும் ஒன்றைச் செய்ய முடியும் என்று பிடிவாதம் பிடித்தவர். ஃபாலண்ட் நிறுவனத்தில் உருவான அவரது 'நாட்' 1955 ஜூலை 18 அன்று முதன்முறை பறந்தது. நீளம் 8.74 மீட்டர், இறக்கை முனையிலிருந்து முனைவரை 6.73 மீட்டர். ஒரு செட்டிநாட்டு வீட்டின் முகப்புத் திண்ணையில் நிறுத்திவிடலாம் என்பார் ஐயா. பிரிட்டன் தன் படைக்குப் போர் விமானமாக இதை வாங்கவில்லை. பயிற்சி விமானமாக மட்டும் ஏற்றுக்கொண்டு, வான் சாகசக் குழுவுக்கும் கொடுத்தது. பின்லாந்து 13 வாங்கியது. பெருமளவில் நம்பி ஏற்றது இந்தியாதான். பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுக் கட்டியது. 1965 செப்டம்பர் 3 அன்று டிரெவர் கீலர் ஒரு சேபர் விமானத்தை வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டபின் 'சேபர் கொல்லி' என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. அதே நாளில் இன்னொரு 'நாட்' பாகிஸ்தானின் பஸ்ரூரில் தரையிறங்கிச் சிறைப்பட்டது. அது இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1971 நவம்பர் 22 இல் போய்ரா வான்சண்டை. டிசம்பர் 14 இல் ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே எழும்பிப் போய்த் தனியாகப் போரிட்டு வீழ்ந்த நிர்மல்ஜித் சிங் செக்கோன், விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரர். பெட்டரோ, இவை எதற்கும் முன்பே விமானத் தொழிலை முற்றாக விட்டுவிட்டு, ஸ்விட்சர்லாந்து சென்று ஒரு சமயக் குழுவில் சேர்ந்துவிட்டார். இந்தச் செய்தியை ஐயாவிடம் சொன்னபோது, "வரைஞ்சவருக்கு அது முடியும்" என்றார். அப்போது அதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

பெட்டியைத் திறந்தோம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, அதாவது ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கிய கணக்கு. முழு விமானமும் 12 செண்டிமீட்டர்தான். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் உறுப்புகள் காய்போலத் தொங்கின. உடலின் இடப்பாதி, வலப்பாதி, இறக்கை, வால்சிறகு, சக்கரங்கள், அரிசி அளவிலான விமானி. ஒட்டுப்படத் தாள் பழுப்பேறியிருந்தது. உடலின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தோம். மூக்கு சேர்ந்தால் வால் பிளந்தது. வாலைச் சேர்த்தால் மூக்கு வாய் திறந்தது. இறக்கை ஒன்று வாழைமட்டையைப் போல முறுக்கிக்கொண்டிருந்தது. இடப்பக்க இறக்கைக்கும் உடலுக்கும் இடையே ஒரு தாளன்று, நான்கைந்து தாள்கள் நுழையும் சந்து.

இதில் செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பாய்ச்சி வார்ப்பது இவ்வகை உறுப்புகளின் பிறப்பு. அச்சு பல்லாயிரம் முறை மூடித் திறந்தபின் விளிம்பு தேய்கிறது. தேய்ந்த விளிம்பின் வழியே பிளாஸ்டிக் பிதுங்கி, வெற்றிலை நரம்புபோல ஒரு மெல்லிய சவ்வாக உறைகிறது. தடித்த இடங்கள் ஆறும்போது உள்வாங்கிக் குழிகின்றன. அச்சிலிருந்து வெளியே தள்ளும் கோல்கள் வட்டத் தழும்புகளை விட்டுப்போகின்றன. இவற்றோடு காரைக்குடிப் பரண் ஒன்றின் எத்தனையோ சித்திரை வைகாசிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் நாங்கள் பசையைத் தொடவே இல்லை. உறுப்புகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, சேர்த்துப் பார்ப்பதும் பிரிப்பதும் மட்டுமே. எங்கே இடிக்கிறது, எங்கே விலகுகிறது என்று பென்சிலால் குறித்தோம். அப்போதுதான் மூத்தவருடைய தொழில் குறுக்கே வந்தது. நன்னூல் புணர்ச்சியை இயல்பு, விகாரம் என இரண்டாகப் பகுக்கும். விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கும். வாழையும் பழமும் சேர்கையில் நடுவே ஒரு பகர மெய் தோன்றுகிறது. கல்லும் தூணும் சேர்கையில் இரு பக்கமும் உருத் திரிந்து கற்றூண் ஆகிறது. மரமும் வேரும் சேர்கையில் மகரம் கெட்டு மரவேர் ஆகிறது. எங்கள் முன் கிடந்த குப்பைக்கு இதைவிடப் பொருத்தமான வாய்பாடு கிடைக்காது. பிதுங்கிய சவ்வை அரத்தால் தேய்த்து நீக்குவது கெடுதல். முறுக்கிய இறக்கையைச் சுடுநீரில் முக்கி, இளகியதும் நேராக்கி, அப்படியே தண்ணீர்க் குழாயின்கீழ்ப் பிடித்து ஆறவிடுவது திரிதல். (முதல் முறை நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கை எங்கள் கண்முன்னே வடகம்போலச் சுருண்டது. உடன்படிக்கைப்படி இது இருவர் பிழை. மீட்பதற்கு மூன்று நாள் ஆயிற்று.) சந்துக்குள் புதிதாக ஒன்றை வைப்பது தோன்றல்.

இரு உயிர்கள் நேருக்கு நேர் வந்தால் தமிழில் ஒன்றோடொன்று ஒட்டா. மணி, அடித்தான் என்னும் சொற்களை அருகருகே வைத்தால் நடுவே ஒரு விரிசல் நாவில் தட்டுப்படும். அங்கே யகரமோ வகரமோ வந்து நின்று, மணியடித்தான் என்று ஆக்குகிறது. உடன்படாத இரண்டை உடன்படுத்துவதால் அதற்கு உடம்படுமெய் என்று பெயர். இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் பாடம். "இதனால் என்ன பயன், ஐயா?" என்று ஆண்டுதோறும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கும். இறக்கைச் சந்தில் செருக வேண்டிய மெல்லிய தகட்டுக்கு இளையவள் 'யகரம்' என்று பெயர் வைத்ததும், அடுத்த ஆண்டுக்கான விடை ஒன்று கிடைத்ததாக மூத்தவர் மகிழ்ந்தார்.

யகரத்துக்குப் பொருள் எங்கே தேடுவது? வேறு பிளாஸ்டிக் உதவாது. பாலிஸ்டைரீனை ஒட்டும் பசை உண்மையில் பசையே அன்று. இரு பக்க விளிம்புகளையும் கரைத்து, ஆவியாகிப் போகும் கரைப்பான் அது. கரைந்த விளிம்புகள் கலந்து ஒரே உடலாக இறுகுகின்றன. கரையாத பொருளை நடுவில் வைத்தால் வேலை கெடும். அங்காடித் தட்டுகளும் கரண்டிகளும் சட்டம் போட்டுத் தடுக்கப்பட்டுவிட்டன. நல்லதுதான், ஆனால் எங்கள் தேவைக்குத் துன்பம். கடைசியில் பரணில் இருந்த பழைய ஒலிநாடாப் பேழைகள் நினைவுக்கு வந்தன. அந்தக் கண்ணாடி போன்ற மூடிகள் பாலிஸ்டைரீன். ஐயா விடுப்பில் வரும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்தவை. கேட்டுவிட்டுத்தான் எடுத்தோம். "இளையராஜாவ விட்டுட்டு மத்தத எடுத்துக்குங்க" என்று அனுமதி கிடைத்தது.

மூடியின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். எங்களுக்கு வேண்டியதோ அதிற் பாதி. தேய்த்து மெலிக்கச் சமதளம் வேண்டும். மேசைப் பலகை நம்பத் தகுந்ததன்று. வீடு கட்டியபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் ஒன்று கொல்லையில் கிடந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்ப்பதால் அந்தக் கல்லின் முகம் கண்ணாடி அளவுக்கே மட்டமாக இருக்கும். அதன்மேல் வாட்டர் பேப்பரை விரித்து, நீர் தெளித்து, பேழைத் துண்டை வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். முதலில் நானூறாம் எண் தாள், பிறகு அறுநூறு. ஒரு யகரம் செய்ய ஒரு மாலை. தேவகோட்டை மின்தடைகளைக் கணக்கில் கொண்டால் ஒன்றரை மாலை.

சிறிய சந்துகளுக்குப் பட்டி. பேருந்துச் சாலையோரத்தில் கார்களுக்கு வண்ணமடிக்கும் பட்டறையில் கேட்டபோது, ஒரு மாத்திரை டப்பா நிறைய என்.சி. பட்டியைச் சும்மாவே கொடுத்தார்கள். இரும்பில் போடுவதுபோல் தாராளமாக அப்பினோம். மறுநாள் அந்த இடம் ஊறிய அப்பளமாக இளகியிருந்தது. அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கையும் தின்கிறது என்பதை அவ்வாறு கற்றோம். பின்பு வேறு வழி. உறுப்புகளைத் தாங்கிவந்த சட்டத்தைத் துண்டு துண்டாகச் சீவி, பசைப் புட்டியின் அடியில் மிஞ்சியதில் போட்டு ஓரிரவு ஊறவைத்தால் கூழாகிறது. அதே உடலின் அதே பொருள். நான்கு நாள் காயவிட்டுத் தேய்த்தால் இணைப்பு இருந்த தடமே தெரியாது. தேய்க்கும்போது அருகிலிருந்த நுண்வரிகளும் அழிந்துபோயின. அவற்றை ஊசிமுனையால் மீண்டும் கீறியது தனிக்கதை. அதை விட்டுவிடுகிறோம்.

இத்தனை நாளும் ஐயா தம் நாற்காலியில் அமர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசவில்லை. விமானப்படைக் காலத்தைப் பற்றி அவர் எப்போதும் பேசியதில்லை. ஊர்களின் பெயர், குளிர், ரொட்டி, இந்தி கற்ற கதை, இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தவை. இறக்கையைப் பொருத்திய அன்று முதன்முறையாக நாற்காலியை இழுத்து மேசையருகே போடச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இடப்பக்கச் சந்தைப் பார்த்தார்.

"எம்புட்டு இருக்கும் இது?"

"ஒரு மில்லிமீட்டர் ஐயா" என்றாள் இளையவள்.

"எழுபத்திரண்டால பெருக்கு."

பெருக்கினாள். ஏழு செண்டிமீட்டருக்கு மேல் வந்தது.

"மூணு இஞ்சு ஓட்டையோட பறக்கவிடப் போறியளா ரெண்டு பேரும்?"

எங்களுக்கு உற்சாகம் பொங்கியது. அன்றிலிருந்து அவரே மேற்பார்வையாளர். கைகள் உதவா. ஆனால் விரல் நுனி இன்னும் வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டு இணைப்பின்மேல் சுட்டுவிரலை ஓட்டுவார். நடுங்கும் விரல் ஒவ்வொரு மேட்டிலும் இடறுவதால் நடுக்கமே ஒரு கருவி ஆனதோ என்று எங்களுக்குத் தோன்றியது. "இங்கன", "இங்கன" என்று அவர் சொல்லும் இடங்களைப் பென்சிலால் குறிப்போம். கண்ணுக்குத் தெரியாது. அடிப்பூச்சு அடித்துப் பார்த்தால், சொன்ன இடத்தில் ஒரு மயிரிழை தெரியும். பிட்டர்கள் மூடித் தகடுகளின் உட்புறத்தில் விமானத்தின் எண்ணை எழுதிவைப்பார்கள் என்பதை அந்த நாள்களில்தான் அறிந்தோம். கழற்றிக் கழற்றி மாட்டியதில் ஒவ்வொரு தகடும் தன் விமானத்துக்கே பழகிவிடுமாம். ஒரே அச்சில் பிறந்திருந்தாலும் இன்னொன்றில் வைத்தால் திருகாணித் துளை ஒத்துவராதாம். கீழே இறங்கும் சக்கரங்களும் அவற்றின் கதவுகளுமே வானில் வேகத்தைக் குறைக்கும் தடுப்புகளாகவும் இருக்கும் என்றார். சிறு விமானம், ஒரு பொருளுக்கு இரண்டு வேலை. "ஏழை வீட்டுப் பாத்திரம் மாதிரி" என்றார்.

பிறகு வால்சிறகு. இருபுறமும் ஒவ்வொன்று, உடலின் பின்பகுதியில் செருக வேண்டும். அங்கேயும் சந்து. நாங்கள் அதற்குள் தேர்ந்துவிட்ட கைகள். ஐயா மருத்துவரிடம் போயிருந்த ஒரு சனிக்கிழமை, அவருக்கு வியப்பூட்டலாம் என்று கருதி, கூழ் வைத்து அடைத்து, காயவிட்டு, ஆயிரமாம் எண் தாளால் தேய்த்து, உடலும் சிறகும் ஒரே பிறவி என்னும்படி முடித்துவிட்டோம். இந்த மாதிரியில் எங்கள் ஆகச் சிறந்த வேலை அதுவே. இன்றும் அப்படித்தான் சொல்வோம்.

செவ்வாய்க்கிழமை அவர் விரல் அங்கே வந்தது. நின்றது. மறுபடி ஓடியது. மறுபக்கம் போனது. கண்ணைத் திறந்தார்.

"அடைச்சுட்டியளா?"

"ஆமாங்க ஐயா. தெரியவே இல்லேல்ல?" என்றாள் இளையவள் பெருமையாக.

"ஆத்தா, இது ஒட்டக்கூடாது. இது அசையணும்."

பெரும்பாலான விமானங்களில் வால்சிறகின் பின்விளிம்பு மட்டும் மேலும் கீழும் அசையும். 'நாட்' அப்படியன்று. முழுச் சிறகுமே ஓர் அச்சில் திரும்பும். விமானம் மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதனால்தான். ஆகவே உடலுக்கும் சிறகுக்கும் இடையே சந்து இருந்தே ஆக வேண்டும். அதில் மண்ணோ பனியோ திருகாணியோ சிக்காமல் காப்பதே வேலை. அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்விமானத்தின் மெலிந்த பகுதியாகவே பெயர் பெற்றிருந்தது. பெங்களூரில் பின்னர் உருவாகி 1975 இல் பறந்த 'அஜீத்' என்னும் மேம்பட்ட வடிவத்தில் திருத்தப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. இதெல்லாம் நாங்கள் பின்னால் படித்தது. அன்று ஐயா சொன்னது வேறு.

எழுபதுகளில் ஒரு காலை. இடத்தையும் ஆண்டையும் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று முதல் பயணத்துக்கு ஒரு விமானத்தைச் சரிபார்த்தவர் அவர். வால்சிறகைக் கையால் பிடித்து அசைத்துப் பார்ப்பது அந்தச் சோதனையின் கடைசிப் படி. பார்த்தார். எழுநூறாம் எண் படிவத்தில் கையொப்பமிட்டார். பிட்டர் கையொப்பமிட்ட பிறகே விமானி அதில் கையொப்பமிட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். விமானிக்கு இருபத்து நான்கு வயது. ஏணியில் ஏறும்போது ஏதோ வேடிக்கை சொன்னார். அந்த வேடிக்கை ஐயாவுக்கு இப்போது நினைவில் இல்லை. அதை மறந்துபோனதுதான் பெரிய குறை என்பதுபோல நெடுநேரம் யோசித்தார். விமானம் எழும்பியது. சில நிமிடங்களில் மூக்கு தாழ்ந்தது, நிமிரவில்லை.

"மூணு வாரம் விசாரிச்சாக. எம்மேல தப்பில்லேன்னு எழுதிக் குடுத்துட்டாக. தப்பில்லதான். ஆனா தரையில கடைசியா அதைத் தொட்டது எங் கை."

அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் இருந்தது. இளையவள் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை அவள் கைக்குள்ளும் நடுங்கியது.

எங்களுள் மூத்தவர் அப்போது வேறொரு மேசையை நினைத்துக்கொண்டிருந்தார். 1997, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடை. விமானப்படைத் தேர்வுக்கான விண்ணப்பத்தை நிரப்பி, புகைப்படம் ஒட்டி, இதே கூடத்தின் மேசைமேல் வைத்திருந்தான் ஒரு பையன். சிறுவயதில் மிதிவண்டியில் செட்டிநாட்டுக்குப் போய், கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் கிடக்கும் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளத்தில் கைகளை விரித்துக்கொண்டு ஓடிய பையன். மறுநாள் விண்ணப்பம் இல்லை. கடைசித் தேதி கடந்த பிறகு, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. கேட்டதற்கு, "அது ஒனக்குச் சரிப்படாது" என்ற ஒரே பதில். தகுதியில்லை என்று பொருள்கொண்டான். ஓராண்டுக்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. கிடைத்த இடம் தமிழ் இலக்கியம். கிடைத்தபின் அதை விரும்பியதும், அதிலேயே வாழ்வு அமைந்ததும் உண்மை. ஆயினும் அந்த ஒரு வாக்கியம் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு சந்தாகவே இருந்துவந்தது. மேலே நல்ல வார்த்தைகளால் பட்டி பார்த்து, வெளியே தெரியாமல் வைத்திருந்தோம்.

"அப்பா, அந்த விண்ணப்பம்…" என்று தொடங்கப்பட்டது. முடிக்கவில்லை.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். "பெட்டியில இருக்கு. வேணும்னா எடுத்துக்க."

இருந்தது. நாங்கள் எடுக்கவில்லை.

அடைத்ததைத் திறப்பது அடைப்பதைவிடக் கடினம். கரைந்து கலந்த பிளாஸ்டிக்கில் எல்லை என்று ஒன்று இல்லை. பழைய அஞ்சல் அட்டையில் சந்தின் வடிவத்தை நினைவிலிருந்து வரைந்து, புதிய சவரத்தகட்டால் ஒரு மயிரளவு ஒரு மயிரளவாக இழுத்தோம். வலப்பக்கம் நன்றாக வந்தது. இடப்பக்கம் தகடு வழுக்கி, உடலில் ஒரு கீறல். அதைக் கூழால் நிரப்பினோம். சிறகுகள் இரண்டும் கையோடு வந்தபின், உடலுக்குக் குறுக்கே ஒரு துளை வேண்டியிருந்தது. ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் உருகி மேடிடும். கடைத்தெருவில் நகைப் பட்டறை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனோம். மூக்குத்தித் திருகுக்குத் துளையிடும் சிறு துரப்பணத்தால் அரை நிமிடத்தில் முடித்தார். கூலி வாங்கவில்லை. "ஏரோப்ளேன் வேலை பாத்தேன்னு சொல்லிக்குவேன்ல" என்றார். ஒரு குண்டூசியின் தலையை வெட்டி அச்சாக்கி, இரு சிறகுகளையும் அதன் முனைகளில் பொருத்தினோம். இப்போது ஒன்றைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து திரும்புகின்றன.

மற்றவை விரைவில் முடிந்தன. முன்சக்கரத்தில் நிற்பதற்காக மூக்குக்குள் தூண்டில் ஈயம் வைத்தோம். விமானி அறையின் மூடிக்கு உடனடிப் பசையைப் பயன்படுத்தினால் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளிறும் என்று முன்கூட்டியே அறிந்து, வெள்ளைத் தச்சுப் பசையால் ஒட்டினோம். அறிந்தபின் செய்த ஒரே வேலை அதுவாக இருக்கலாம். பழுத்த ஒட்டுப்படங்களைச் சன்னல் வெயிலில் வைத்து வெளுக்கவைத்தோம். நீரில் போட்டதும் ஒன்று துண்டு துண்டாகப் பிரிந்தது. வட்டச் சின்னத்தில் அந்தப் பக்கம் ஒரு விரிசல் இருக்கிறது. வால் எண்ணை எழுதலாமா என்று ஐயாவிடம் கேட்டோம். வேண்டாம் என்றார்.

விமானம் இப்போது கூடத்துக் கண்ணாடி அலமாரியில், இளையராஜா பேழைகளுக்கு மேல்தட்டில் நிற்கிறது. வலப்பக்கச் சக்கரக் கதவு இன்னும் ஒட்டப்படவில்லை. கீல் ஒன்று உடைந்துவிட்டதால் அதற்கொரு யகரம் தேய்க்க வேண்டியிருக்கிறது, பொங்கல் விடுமுறைக்குள் முடிக்க வேண்டும். காலையில் எழுந்து பார்க்கும்போது வால்சிறகு ஒவ்வொரு நாளும் வெவ்வேறு கோணத்தில் இருக்கிறது. சில நாள் சற்று மேலே, சில நாள் கீழே. இரவில் யார் அலமாரியைத் திறக்கிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. கதவின் தாழ்ப்பாள் சற்று இறுக்கமாக இருந்தது, சென்ற வாரம் எண்ணெய் போட்டுவைத்தோம்.